சுண்டெலியின் இளங்கொடியும் நான் பட்டம் கொடுத்த டொக்டரும்

அன்புள்ள மருமகள் கௌசிகாவுக்கு,

உப்புவெளியிலிருந்து மாமா ஞானசேகரம். நானும் ஆட்டோவும் முக்கி முனகி ஓடுகிறோம். நீயும் உன் சுண்டெலிகளும் சுகமாக இருக்கக் கோணேசர் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ பிள்ளைப்பேறு பார்க்கும் டொக்டர் என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். வேறு என்ன செய்ய? சுண்டெலியின் இளங்கொடியிலிருந்து, அதுதான் நஞ்சுக்கொடியிலிருந்து, இரத்தக்குழாயின் உயிர்க்கலங்களைப் பிரித்து வளர்க்கிறாள் என்று உண்மையைத்தான் முதலில் சொன்னேன். துறைமுக வாசலில் என்னோடு ஆட்டோ ஓட்டும் றிகாஸ், வள்ளமாக்கும் என்று நினைத்து, "கலமெண்டா எத்தினை அடி? எஞ்சின் பூட்டினதோ?" என்று கேட்டான். இளங்கொடியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டேன், நீ டொக்டராகிவிட்டாய்.

போன கிழமை நீ எழுதியதை வாசித்தேன். இளங்கொடியைப் பொடியாக நறுக்கி, நொதியத்தில் கரைத்து, காந்த மணிகளால் இரத்தக்குழாய்க் கலங்களை மட்டும் இழுத்தெடுத்துத் தட்டில் விட்டாலும், கூட ஒட்டிவந்த நார்க்கலங்கள் பெருகி எல்லாவற்றையும் மூடிவிடுகின்றனவாம். ஐந்தாந்தடவையும் அப்படியே, ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்கிறாய். உன் அம்மா, "வரட்டும், எலியோட என்ன சீவியம்? நீ எழுதடா" என்று என்னைக் கதிரையில் இருத்திவிட்டா. பேனையை எடுக்க, பக்கத்து வீட்டு மைமூனா ஏழு மாத வயிற்றோடு இருக்கும் மகள் ஷாமிலாவைக் கூட்டிக்கொண்டு வந்தா.

"அண்ணன், இவக்குக் கால் வீக்கம், தலையிடி. உங்கட மருமகளிட்டயும் ஒருக்காக் கேளுங்களன்."

இளங்கொடியில் இரத்தக்குழாய்கள் சரியாக வளராவிட்டால் தாய்க்குப் பிரஷர் ஏறலாம், அதை அறியத்தான் இந்த எலி வேலை என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. "டொக்டர் உடன போகட்டாம்" என்று உன் பெயரில் நானே சொல்லி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரஷர் நூற்றெழுபது. வார்ட்டில் நிற்பாட்டிவிட்டார்கள். இப்போது தாயும் வயிற்றுப்பிள்ளையும் சுகம். ஊர் உன்னைத்தான் வாழ்த்துகிறது.

வார்ட்டு வாசல் வாங்கில் இருந்து யோசித்தேன். மாட்டின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுகிறோம், மனிசருடையதை மண்ணில் தாட்டுவிடுகிறோம். ஒரு உயிரை இத்தனை மாதம் ஊட்டியது எப்படி ஊட்டியது என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. ஆராவது ஒருத்தி குனிந்து பார்க்கத்தானே வேண்டும். பிள்ளை, இப்போது வராதே. ஆறாந்தடவையும் நறுக்கு. அம்மாவிடம், வரச்சொல்லி எழுதியதாகவே சொல்லியிருக்கிறேன்.

உன் தட்டில் வேண்டியது மட்டும் தழைக்கட்டும்.

அன்பு மாமா,
ஞானசேகரம்

பி.கு.: உடனே வார்ட்டுக்குப் போகச் சொல்லி மிட்வைஃப் காலையிலேயே எழுதிக் கொடுத்த துண்டு ஷாமிலாவின் கையில் இருந்தது. அவர்கள் வந்தது ஆட்டோவுக்கு, உன்னைக் கேட்கச் சொன்னது சும்மா ஒரு பேச்சுக்கு. இளங்கொடியைப் பற்றி நான் விளக்கி முடிக்கும்வரை கால் மணித்தியாலம் நின்றுகொண்டிருந்தார்கள்.