எல்லாம் அவரின்ரை

மனிதரில் ஓர் இனம் உண்டு. அவர்களுக்குப் பாட்டுப் பிடிக்காது. பாட்டு எங்கிருந்து வந்தது என்பதுதான் பிடிக்கும். நீங்கள் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பக்கத்துக் கதிரையிலிருந்து ஒரு சுட்டுவிரல் எழும்பும். "பொறுங்கோ, பொறுங்கோ. இது ஆரின்ரையெண்டு தெரியுமோ?" உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் உங்கள் கடமை. தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இந்த இனத்தார் இல்லாத ஊர் இல்லை. ஆனாலும் ஜெர்மனியில் டோர்ட்மண்டில் இருக்கிற அருட்பிரகாசம் மாதிரி முற்றிப் பழுத்த ஒருவரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். வயது அறுபத்திரண்டு. ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறார். நெற்றிக்கு மேலே முடியைச் சேவல் கொண்டை போல நிமிர்த்தி வைத்திருப்பார். முடி போய்விட்டது, கொண்டை போகவில்லை. மிச்சமிருக்கிற நாற்பது மயிரும் முறைவைத்து அந்த வேலையைப் பார்க்கின்றன.

அகதியாக வந்து ஹைம் என்கிற அகதி விடுதியில் கிடந்த முதல் மாரியில் பழஞ்சாமான் சந்தையில் ஒரு ரெக்கோட் பிளேயர் வாங்கினார். திறந்து பார்த்தால் உள்ளே ஓர் இசைத்தட்டு. ராக் அண்ட் ரோல் என்ற சங்கதியைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரான அமெரிக்கக் கிற்றார்காரருடையது. ஆறு மாதம் அந்த ஒரு தட்டுத்தான் சுழன்றது. அறையில் கூட இருந்த நாலு பேரில் மூன்று பேர் வேறு அறை கேட்டு அன்ராக் என்கிற விண்ணப்பம் எழுதிப் போட்டார்கள். நாலாவது ஆளுக்குக் காது கேளாது.

அந்தக் கிற்றார்காரரின் பெயரை அருட்பிரகாசம் வாயால் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பெண்சாதிமார் புருசனின் பெயரைச் சொல்லாத மாதிரி, வெறும் 'அவர்'தான். மனைவி நேசமலர் அக்கா கல்யாணமான புதிதில், 'அவர்' என்றால் செத்துப்போன மைத்துனர் யாரோ என்று நினைத்து, மரியாதைக்கு ஒரு கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடாமல் இருந்தாராம்.

கலியாண வீட்டில் தவில்காரர் தனியாக வெளுத்து வாங்கினால் அந்த மூன்றாவது அடி அவரின்ரை, சென்னையிலிருந்து முந்தாநாள் வந்திறங்கிய படப்பாட்டின் இடையிசை அவரின்ரை, உதைபந்தாட்ட மைதானத்தில் எண்பதாயிரம் ஜெர்மன்காரர் சேர்ந்து போடுகிற சத்தம் அவரின்ரை, எஸ்-பான் ரயில் கதவு சாத்துமுன் கத்துகிற கீச்சுக்குரலும், உடுப்புத் தோய்க்கிற மெஷின் கடைசிச் சுற்றில் போடுகிற ஆட்டமும்கூட அவரின்ரைதான். "தவில் எத்தினை நூறு வருசத்துச் சாமான் அண்ணை" என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார். "ஓம், முந்தி அடிச்சவங்கள்தான். இவர் வந்தாப் பிறகுதான் விளங்கி அடிக்கிறாங்கள்" என்று பதில் வந்தது. இந்த வாய்க்கு என்ன செய்வீர்கள்?

கொடுமை என்னவென்றால், அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தக் கிற்றார்காரர் எழுபது வருசத்துக்கு முன் தட்டிவிட்ட தந்தியின் அதிர்வு இன்னும் நிற்கவில்லை. உலகத்தில் யார் கிற்றாரைத் தூக்கினாலும் விரல் ஒருக்கால் அவர் வீட்டுப் பக்கம் போய்த்தான் திரும்புகிறது. ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் எரிக்க முடியும்.

எரிந்தது மகள் சயந்தினி. வயது இருபத்துநாலு, பல் வைத்தியரிடம் உதவியாளர். அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்ததால்தான் கிற்றாரையே எடுத்தாள். பதினைந்து வயதில் முதல் பாட்டைத் தானாகக் கட்டித் தகப்பனுக்கு வாசித்துக் காட்டினாள். "நல்லாயிருக்கு மோனை" என்றார். அவள் முகம் மலர்ந்தது. "அவரின்ரை" என்றார். முகம் மடிந்தது. இப்படிப் பத்தொன்பது பாட்டு. பத்தொன்பது தரமும் அதே தீர்ப்பு. 'இது உன்ரை' என்ற இரண்டு சொல்லைத் தகப்பன் வாயிலிருந்து ஒருதரம் கேட்டால் போதும் என்று இருந்தாள். கடைசியில் வீட்டில் வாசிப்பதையே விட்டுவிட்டு, நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் மாரிகாலத்துக் கார் ரயருக்கும் நடுவில் இருந்து வாசிக்கத் தொடங்கினாள். அவை அபிப்பிராயம் சொல்வதில்லை.

தமிழ்ச் சங்கம் வருசா வருசம் இளையோருக்கு இசைப்போட்டி வைக்கிறது. ஒரே நிபந்தனை, மெட்டு சொந்தமாக இருக்கவேண்டும். திருட்டு மெட்டைப் பிடிக்க யாரைப் போடுவார்கள்? போன வருசம் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். ஏழு பேரை நடுவர் அருட்பிரகாசம் 'அவரின்ரை' என்று கழித்தார். எட்டாவது ஆள் பயத்தில் மேடைப் பக்கமே வரவில்லை. ஒன்பதாவது ஆளுக்கு, நடுவரின் விரல் எழும்புமுன், இரண்டாவது வரியிலேயே தந்தி அறுந்தது. பரிசு அந்த ஆளுக்கு.

இந்த வருசம் சயந்தினி பெயர் கொடுத்தாள்.

"தேப்பன் நடுவர், பிள்ளை போட்டியிலை. சனம் என்ன கதைக்கும்?" என்றார் நேசமலர் அக்கா.

"காது சொந்தம் பாராது" என்றார் அருட்பிரகாசம்.

போட்டிக்கு முதல்நாள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த தாயிடம் சயந்தினி மெல்லச் சொன்னாள். "அம்மா, நாளைக்கு நான் அவரின்ரையைத்தான் வாசிக்கப்போறன். அந்தத் தட்டிலை இருக்கிற முதலாவது பாட்டு. அச்சொட்டா. சொல்லு மட்டும் தமிழ்."

"உனக்கென்ன விசரே?"

"அப்பா எழும்பி அவரின்ரையெண்டுவார். ஓமப்பா, இது அவரின்ரை, இப்ப என்ரையைக் கேளுங்கோ எண்டுபோட்டு என்ரையை வாசிப்பன். ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுக் கேட்டாலாவது வித்தியாசம் விளங்கும்தானே."

தாய் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்தார்.

ஞாயிறு பின்னேரம். வாடகை மண்டபம். நூற்றைம்பது சனம், கையில் ஆளுக்கொரு ரோல்ஸ் பலகாரம். கதவோரத்தில் சாவித் துறப்புக் கோர்வையோடு மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர், எழுபது தாண்டிய ஜெர்மன் கிழவர், எப்போது முடிப்பீர்கள் என்ற முகத்தோடு நின்றார்.

சயந்தினி மேடையேறி வாசித்தாள். முதல் தந்தி அதிர்ந்ததுமே ஹவுஸ்மைஸ்டரின் சப்பாத்து நிலத்தில் தட்டத் தொடங்கிவிட்டது. நடுவர் கண்ணை மூடியிருந்தார். அவள் விரலை எதிர்பார்த்து வாசித்தாள். முதல் அடி முடிந்தது, விரல் எழும்பவில்லை. அவள் பாடிய வரிக்கு அடுத்த வரியை ஹவுஸ்மைஸ்டர் அவளுக்கு முந்தியே சீட்டியடித்துக்கொண்டு போனார். சனம் திரும்பிக் கிழவரைப் பார்த்தது, பிறகு மேடையைப் பார்த்தது, பிறகு நடுவரைப் பார்த்தது. நடுவர் கண்ணைத் திறந்து, பிள்ளையைக் குழப்ப வேண்டாம் என்று கிழவரை ஜெர்மனில் ஏசிவிட்டு மறுபடி மூடினார்.

பாட்டு முடிந்தது. அருட்பிரகாசம் எழும்பினார். கன்னம் நனைந்திருந்தது.

"முப்பத்தெட்டு வருசமாய்க் கேட்ட காது இது. சொல்லுறன் கேளுங்கோ. இதிலை அவர் இல்லை. மருந்துக்கும் இல்லை. இது என்ரை பிள்ளையின்ரை. மோனை, இது உன்ரை."

மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. யாரோ ரோல்ஸ் புரைக்கேறி இருமினார்.

சயந்தினி ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். ஒன்பது வருசமாகக் காத்திருந்த சொல் வந்திருக்கிறது, விலாசம் மாறி. கையெழுத்துப் போட்டு வாங்குவதா, திருப்பி அனுப்புவதா? மூன்றாவது வரிசையில் தாய், நன்றி சொல்லிவிட்டு இறங்கு என்று கண்ணால் கெஞ்சினார். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"அப்பா, இது அவரின்ரை."

அருட்பிரகாசம் சிரித்தார். "என்ன மோனை கதைக்கிறாய்?"

"தட்டிலை முதலாவது பாட்டு."

"முதலாவது பாட்டு எனக்குத் தெரியாதோ? அது வெறும் ஓட்டம். இதிலை ஒரு பாசம் இருக்கு."

"டோக்" என்றார் ஹவுஸ்மைஸ்டர். இல்லை என்று சொன்னவனுக்கு இருக்கிறதென்று சொல்ல ஜெர்மன்காரரிடம் இருக்கிற சொல் அது. தமிழ் விளங்காமலே சரியான இடத்தில் போட்டார்.

"உவருக்கென்ன தெரியும்? துறப்பு வைச்சிருக்கிறவருக்கு ராக் அண்ட் ரோல் தெரியுமோ?"

சங்கத் தலைவர் புவனேந்திரன் மணிக்கூட்டைப் பார்த்தார். "தங்கச்சி, பரிசைத் தாறதோ, விடுறதோ? ஆறு மணிக்கு மண்டபம் குடுக்கவேணும்."

"வேண்டாம் அங்கிள். இன்னொண்டு வாசிக்கிறன். இது என்ரை."

நிலவறையில் கட்டிய பாட்டு அது. மெதுவாக வந்தது, தெரியாத தெருவில் ஆள் நடந்துபோகிற மாதிரி. ஹவுஸ்மைஸ்டரின் சப்பாத்து நின்றது. சீட்டியடிக்க உதட்டைக் குவித்தார், எங்கே போவதென்று தெரியாமல் விட்டுவிட்டார். கதவில் சாய்ந்து கேட்கத் தொடங்கினார்.

நாலாவது விநாடியில் விரல் எழும்பியது.

"பொறு மோனை, பொறு. இதுதான் அவரின்ரை."

அவள் பொறுக்கவில்லை. வாசித்துக்கொண்டே போனாள். விரலும் இறங்கவில்லை. மூன்றரை நிமிசம். கடைசி அடி வரும்போது மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார் நடுவர். பாட்டு முடிய, நேசமலர் அக்கா வந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"பிள்ளை முடிச்சிட்டாள். இப்ப கையைத் தட்டுங்கோ."

தட்டினார். அவரின்ரைக்குத்தான் தட்டினார், சந்தேகமில்லை. ஆனால் மண்டபத்தில் தட்டுவதைக் கடைசியாக நிறுத்தியதும் அருட்பிரகாசம்தான் என்று கேள்வி. சயந்தினி ஒவ்வொரு கைதட்டலாக எண்ணிக்கொண்டு நின்றாளாம்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்றை மட்டும் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து, 'உப்பிடி ஒண்டை முந்தியே ஆரோ எழுதிப்போட்டினம், ஆரெண்டுதான் வருகுதில்லை' என்று உங்களுக்குள்ளே ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கவில்லையா? அந்தப் பெயர் இப்போது நாக்கு நுனியில் நிற்கிறதா? விழுங்கிவிடுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், தண்ணீர் குடித்தாவது விழுங்கிவிடுங்கள்.