புகைக்காரர் போட்ட டீ

"இது என்னண்ணே?"

லேப் பொண்ணு இடுக்கியால் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். புகைக்காரர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இஞ்சி மாதிரி இருக்கும்மா."

"மாதிரி இல்ல, இஞ்சியேதான். நீங்க கொண்டாந்த சாம்பிள்ல மிதந்துச்சு. சர்க்கரையும் இருக்கு. கோபுரத்துக்குள்ள யாரு டீக்கடை வச்சது?"

அவர் சாம்பிள் கொண்டுவந்த ஃப்ளாஸ்க்கைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மின் நிலையத்தில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இரண்டு கோபுரங்கள். ஒன்றில் புகை கீழிருந்து ஏறும், மருந்துத் தண்ணீர் மேலிருந்து மழையாய் விழும். புகையில் இருக்கிற கரியமில வாயுவை அந்தத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோபுரத்தில் சுட வைத்தால் பிடித்ததை விட்டுவிடும். வாயு ஒரு குழாயில் போகும், தண்ணீர் மறுபடி வேலைக்குத் திரும்பும். உழைத்து உழைத்து அந்தத் தண்ணீர் பழுத்துப்போய், பால் ஊற்றாத டீ நிறத்துக்கு வந்துவிடும். அதில் தினமும் சாம்பிள் பிடித்து லேப்பில் கொடுப்பது இவர் வேலை. அதனால்தான் புகைக்காரர்.

இன்று சாம்பிள் பாட்டில் மூடி உடைந்துபோனது. வாயு தப்பாமல் இறுக மூட வேண்டுமே என்று தன் ஃப்ளாஸ்க்கில் பிடித்தார். அதற்கு ஜோடி ஒன்று உண்டு. அது மனைவிக்கு டீ கொண்டுபோவது.

எதிர்ப்பக்கத் தையல் கூடத்தில் அவளுக்கு வேலை. இடைவேளையில் இவரே இஞ்சி தட்டி, தூளை அள்ளிப் போட்டு, பால் இல்லாமல் டீ வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் வாய் தவறி "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மனுஷன் அதற்குப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை. இன்றும் கூடத்து வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். "இன்னைக்கும் இஞ்சியா?" என்று அந்த அக்கா பெருமூச்சு விட்டதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ஃப்ளாஸ்க் மாறிப்போனது புரிந்ததும் மனைவிக்குப் போன் போட்டார்.

"டீ குடிச்சியா?"

"குடிச்சேங்க."

"எவ்வளவு?"

"முழுசும்தான். ஒரு சொட்டு விடல."

"எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். நல்லா இருந்துச்சு."

பக்கத்தில் நின்று கேட்ட லேப் பொண்ணு முகம் வெளுத்துப்போனாள். "அந்த மருந்துத் தண்ணி நாத்தம் எப்பவும் போலன்னா, அண்ணிக்கு நாக்கே செத்துப்போச்சுண்ணே."

அவள் சேஃப்டி ஆபீசரிடம் சொன்னாள். ஆபீசர் சங்கு ஊதும் ஆம்புலன்ஸ் வண்டியை எடுத்தார். ஒரு ரோட்டைத் தாண்டுவதற்கு அந்த வண்டி ஊதிய ஊதலில், தையல் கூடத்தில் தீப்பிடித்துவிட்டது என்று பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். மீதிப் பேர் இவர் மனைவியைச் சுற்றி நின்றார்கள்.

"மூச்சு முட்டுதாம்மா?" என்றார் ஆபீசர்.

"நீங்க எல்லாம் தள்ளி நின்னா முட்டாது."

"தொண்டை எரியுதா?"

"இல்லையே."

"மரத்துப் போயிருக்கு," என்று ஆபீசர் டாக்டருக்குப் போன் போட்டார்.

புகைக்காரர் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நீ குடிச்சது டீ இல்லடி. கோபுரத்துத் தண்ணி."

அவள் திடுக்கிட்டுக் கூடத்தின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண் சொருகுகிறது என்று யாரோ கத்தினார்கள். ஒருத்தி விசிறினாள், இன்னொருத்தி தலையில் தண்ணீரைக் கொட்டினாள்.

"டாக்டர் உடனே கூட்டிட்டு வரச் சொல்றாரு," என்றார் ஆபீசர். "மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விட வேண்டியிருக்குமாம்."

"குழாயா?" அவள் எழுந்தாள். "ஏங்க, நான் உண்மையச் சொல்லிடறேன். அந்த டீய நான்…"

"என்னன்னு சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அழுது அழுது மீசை நனைந்திருந்தது. "உனக்குன்னு நான் செய்யறது அந்த ஒண்ணுதான்," என்றார் அவர். "அதுலயும் போய் இப்படிப் பண்ணிட்டேனே."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, தானே போய் ஸ்ட்ரெச்சரில் படுத்தாள்.

"குழாய் விடறதுன்னா விடட்டும். நீங்க அழாம கூட வாங்க."

நாலு பேர் தூக்கினார்கள். வாசலுக்குப் போவதற்குள், பெருக்கும் அக்கா பின்பக்கத்திலிருந்து ஈரக் கையோடு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"எம்மா, இன்னைக்கு மட்டும் பேசின்ல என்னத்த ஊத்துன? உன் வீட்டுக்காரர் டீய தினமும் ஊத்தி ஊத்தி அடைச்சுக் கெடந்த குழாய், மடமடன்னு தொறந்துக்கிச்சு."