தூக்குவாளிக்குச் சாவில்லை

ஒரு தூக்குவாளியைத் தீர்த்துக்கட்டுவது என்று சேனாதிபதி முடிவெடுத்தார்.

பெயர்தான் சேனாதிபதி. மலைக்கிராமமான பூண்டியில் அந்த வீட்டுக்கு ராஜா, மந்திரி, நீதிபதி எல்லாம் அவர் மனைவி சிவபாக்கியம். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: பழசு உடையாமல் புதுசு வாசப்படி ஏறக் கூடாது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்குவாளியோ இருபத்திரண்டு வருஷமாக உடைய மறுத்தது. குரங்கு தூக்கிப்போய்க் கூரையிலிருந்து போட்டது. ஒரு தடவை ஜீப்பே ஏறியது. பிடி லேசாகக் கோணியது, அவ்வளவுதான்.

அவருக்கு வேண்டியது ஒரு பிளாஸ்க். ஞாயிற்றுக்கிழமைகளில் கேரட் தோட்டத்துக் களையெடுப்பிலிருந்து நழுவி, மேலே சோலைக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து காட்டுமாடு பார்க்கும் பழக்கம் புதிதாகத் தொற்றியிருந்தது. எங்கிருந்தோ வரும் டூரிஸ்ட் பார்ப்பதை இங்கேயே பிறந்தவன் பார்க்கவில்லையே என்ற ரோஷம். ஆனால் அந்தக் குளிரில் தூக்குவாளி டீ பத்தே நிமிஷத்தில் ஐஸாகிவிடுகிறது.

ஆகவே கொடைக்கானல் போய்க் கமுக்கமாக பிளாஸ்க் வாங்கிவிட்டார். ஒரு விரலால் அழுத்தினால் திறக்கும் மூடி, கைக்கு அடங்கும் உடம்பு. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அடுப்புக்கு மேலே, பூண்டைப் புகையில் காயவைக்கும் பரணில், பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே ஒளித்துவைத்தார். இனி தூக்குவாளி ஒழிய வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிறு வெள்ளனே காட்டு ஓரம் போய்ச் சேர்ந்தார். பனி விலகியது. எதிரே காட்டுமாடு, கன்னங்கரேலென்று, காலில் வெள்ளை சாக்ஸோடு நின்றது. சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டார். பாதி டீயைக் குடித்தார். மூடியை அழுத்தி மூடினார். கண்ணை மூடிக்கொண்டு தூக்குவாளியைச் சரிவில் உதைத்தார்.

டங்! டங்! டணார்! சத்தம் கீழே இன்னும் விலகாத பனிக்குள் இறங்கி அடங்கியது. காட்டுமாடு அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

வளைந்து வளைந்து போகும் பாதையில் ஒரு மணி நேரம் நடந்து, சோகத்தை ஒத்திகை பார்த்தபடியே வீடு வந்தார்.

"பாக்கியம், மோசம் போயிட்டோம்! தூக்குவாளி போச்சு!"

"அய்யய்யோ, எப்படிங்க?"

"காட்டுமாடு மிதிச்சிருச்சு. தகடாக் கெடக்கு."

"கண்ணால பாத்தீங்களா?"

"பின்னே?"

"அம்புட்டுப் பெரிய மாடா?"

அங்கேதான் அவர் சறுக்கினார். "ஏயப்பா! நீ பாக்கணும் பாக்கியம்! பனிக்குள்ள இருந்து பாறை நடந்து வர்ற மாதிரி வருது. மரத்து மேல கருமந்தி குரல் குடுக்குது, காடே அதிருது. மனசுல உள்ள பாரமெல்லாம் எறங்கிரும். மனுசனாப் பெறந்தா ஒருக்கா பாத்துரணும்!"

"பாத்துரணுமா?"

"கட்டாயம்!"

சிவபாக்கியம் உள்ளே போய்த் தூக்குவாளியோடு வந்தாள். புதுக் கீறல் ஒன்று. மற்றபடி சௌக்கியம்.

"களையெடுத்துக்கிட்டு இருந்தேன். மேல இருந்து உருண்டு வந்து காலடியில நின்னுச்சு. டீ ஒரு சொட்டுச் சிந்தலை. குடிச்சிட்டேன்."

பாதையில் வந்தால்தான் ஒரு மணி நேரம். நேரே உருண்டால் அந்தச் சரிவு முடிவது அவருடைய கேரட் தோட்டத்தில்தான். பிறந்ததிலிருந்து தெரிந்த மலை, உதைக்கும்போது மறந்துவிட்டது.

"சரி விடு," என்றார் ஈனக்குரலில். "ஒடையலைன்னா புதுசு வேணாம்."

"ஒங்களுக்கு வேணாம்ங்க. எனக்கு வேணும்." முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அவள் மறு கையில் பிளாஸ்க் இருந்தது.

"இது... இது ஒனக்கு எப்படி..."

"பரண்ல பூண்டைப் பெரட்டிப் போடுறது யாரு? இருவத்திரண்டு வருசத்துல ஒரு நாளாச்சும் நீங்க ஏறியிருந்தா தெரியும்."

அடுத்த ஞாயிறு அவளும் பிளாஸ்க்கும் சோலைக்குப் போனார்கள். சேனாதிபதி கேரட் தோட்டத்தில் களையெடுத்தார். பக்கத்தில் தூக்குவாளி, அதில் ஆறிப்போன டீ.