தோளுக்கு லீவு கேட்ட காலண்டர்

பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த ஐந்து வருஷத்தில், காலண்டரிடம் திட்டு வாங்காத உயிர் என்று ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மனிதர்களை விடுங்கள், அமாவாசையையே திட்டியவர் அவர். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் ஏரியில் இறால் நன்றாகப் படும். கபடி ஆடுகிறவன், படகு ஓட்டுகிறவன் எல்லாம் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். பயிற்சிக்கு ஒருத்தன் வரமாட்டான். காலண்டர் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்துவார்: "மாசத்துக்கு ரெண்டு தபா வந்து என் பொழப்புல மண்ணப் போடுறியே, உனக்கு வேற வேல இல்ல?"

அவருக்கு நாற்பது வயது இருக்கும். பட்டாளத்தில் பளு தூக்கியவர். முதுகு போய் ஊருக்கு வந்து, ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் உடைக்கிற வேலையில் இருந்தார். சாயங்காலம் கம்பெனி வாசலில் ஊர் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அவர் பெயர் என்னவென்று கேட்டால் கம்பெனி முதலாளியே கொஞ்சம் யோசிப்பார். கம்பெனிச் சுவரில் ஏதோ ஜவுளிக்கடை கொடுத்த பெரிய மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் அவர் மூன்று நிறத்தில் கோடு போட்டு வைத்திருப்பார். சிவப்பு என்றால் கனம் தூக்கும் வாரம். பச்சை என்றால் துள்ளி ஓடும் வாரம். நீலம் என்றால் உடம்பைச் சும்மா விடும் வாரம். அந்தக் காலண்டரை யார் தொட்டாலும் கை இருக்காது. பெயர் அப்படித்தான் வந்தது.

இரும்புக் குண்டெல்லாம் எங்கள் ஊரில் கிடையாது. பார் ஐஸைத்தான் சாக்கில் சுற்றித் தூக்க வைப்பார். சித்திரை வெயிலில் அது பாட்டுக்கு உருகும். பத்து நிமிஷம் பராக்குப் பார்த்துவிட்டுத் தூக்கினால் பாதி பாரம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டக்காரர்கள் இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு தடவை தூக்கிய பிறகும் நீளமாகப் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். "இன்னாடா, ஐஸு உருகுற வரைக்கும் கத பேசினு கீறீங்களா? தூக்குடா சோம்பேறி!" என்று அவர் போடும் சத்தத்தில் கூரை மேல் காக்கை நிற்காது.

நான் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். சாயங்காலம் வாலிபால் ஆடுவேன். கல்யாண வயது. சட்டைக் கையை மடித்தால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்று ஆசை. தை மாதக் கடைசியில் போய், "கையை மட்டும் கொஞ்சம் பெருசாக்கணும் மாஸ்டர்" என்றேன்.

"எந்த ஆட்டம்?"

"வாலிபால்."

"மேட்சு எப்போ?"

"மே மாசம்."

"கையாலயா குதிப்ப?" என்றார். அவ்வளவுதான். எட்டு வாரம் ஐஸைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தேன். கையைத் தூக்கவே விடவில்லை. அலுவலகத்தில் கோப்பு எடுக்கக் குனிந்தால் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டும். சித்திரை பிறந்ததும் ஐஸைப் பிடுங்கிக்கொண்டு, மணலில் குதிக்கச் சொன்னார். மேட்சுக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "வூட்டுக்குப் போயி தூங்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று மாதம் வதைத்துவிட்டுத் தூங்கச் சொல்கிறானே மனுஷன்! மே மாதம் பொன்னேரி மைதானத்தில் வலைக்கு மேலே என் முழங்கை தெரிந்தபோதுதான் வாயை மூடினேன். கை மட்டும் அப்படியே ஒல்லியாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அவர் சொன்னது ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. போட்டிக்குச் சில மாதம் முன்னால் பலத்தை ஏற்று; பிறகு அதை வேகமாக மாற்று; கடைசியில் உடம்புக்கு ஓய்வு கொடு. படகுப் போட்டியில் கழி ஊன்றித் தள்ளுகிறவனுக்கு முதுகும் கைப்பிடியும் வேண்டும். கபடியில் ஆளைப் பிடிக்கிறவனுக்குத் தொடையும் இடுப்பும் வேண்டும். எல்லோருக்கும் ஒரே கஷாயம் ஆகாது. இதற்கு மேல் அவர் சொன்ன ஒன்றுதான் யாருக்கும் புரியவில்லை. வலை இழுப்பதும் பாரம்தான். இறால் காலத்தில் காலை முழுக்க வலை இழுத்தவனுக்கு மாலையில் ஐஸ் கிடையாது.

காலண்டரில் நோன்பு மாதத்துக்கும் தனிக் கோடு உண்டு. பக்கத்து மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தின் கபடி செட்டில் பாடிப்போகும் காதர் பழவேற்காட்டுக்காரன், நோன்பு பிடிப்பவன். அவனுக்காகக் காலண்டர் மூன்று மாதம் முன்பே பள்ளிவாசலுக்குப் போய், "நோன்புப் பொற எந்தத் தேதில தெரியும்? இப்பவே சொல்லு பாய், நான் கோடு போடணும்" என்று கேட்டார். அங்கிருந்த பெரியவர் சிரித்து, "அது தெரியறப்பதான்யா தெரியும்" என்றார். அதற்கும் கோபம். தெருக்கோடி வரை முணுமுணுத்துக்கொண்டே வந்து, மாதம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தவர் கோட்டைக்குப்பம் கபடி செட்டின் கமிட்டித் தலைவர். இறால் வியாபாரி. நாலைந்து படகு உண்டு. ஆட்டக்காரர்களுக்குப் பனியன் எடுத்துக் கொடுத்து, முதுகில் நம்பரைவிடப் பெரிதாகத் தன் பெயரை அச்சடித்தவர். தை மாதப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பொன்னேரியிலிருந்து பஸ் கூரையில் இரும்புத் தடியும் தட்டுகளும் கொண்டுவந்து இறக்கினார்.

காலண்டர் ஓடிவந்தார். "இன்னா இது?"

"பசங்க தூக்கட்டும்யா. நாளைக்குப் பரீட்சன்னா இன்னிக்குதான படிப்பாங்க?"

"அப்டிப் படிச்சிதான் நீ எட்டாங்கிளாசுல பெயிலு! விடிகாலைலேந்து உன் வலைய இழுத்துட்டு வரானுங்க. அந்தத் தோளுக்கு ஒரு பத்து நாளு லீவு குடு. உன் கால்ல வோணா வுழறேன்."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தோளுக்கு லீவு கேட்டு யாராவது மனுப் போடுவார்களா என்று நான்தான் ஜோக் அடித்தேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

செல்வம் அந்த செட்டின் தூண். ஆளைப் பிடித்தால் விடமாட்டான். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், தலைவரைப் பார்க்க வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். அவருக்கு வேடிக்கை காட்ட, அப்போதுதான் கரையேறிய செல்வத்தைக் கூப்பிட்டு, "தட்டெல்லாம் மாட்டித் தலைக்கு மேல தூக்கிக் காட்டுடா" என்றார் தலைவர். படகு அவருடையது. செல்வத்தால் மறுக்க முடியவில்லை. தூக்கினான். பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தடி மணலில் விழுந்தது. வலது கை அவன் உடம்போடு சம்பந்தம் இல்லாதது போலத் தொங்கியது. தலைவர் வியாபாரியிடம் திரும்பி, "நல்லா சாப்டமாட்டேங்கறானுங்க" என்றார்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். போட்டியில் கோட்டைக்குப்பம் படுதோல்வி. ஆனால் செல்வத்துக்குக் கபடி போனது பெரிதில்லை. ஒற்றைக் கையால் வலை இழுக்க முடியாது. வீட்டில் அவன், மனைவி முனியம்மா, இரண்டு சின்னக் குழந்தைகள். முனியம்மா கூடையில் மீன் விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. தலைவர் அந்தப் பக்கமே வரவில்லை.

போட்டி முடிந்த மறுநாள் காலை தலைவரின் இறால் கூடைகள் ஐஸ் கம்பெனி வாசலில் வரிசையாக வந்து நின்றன. காலண்டர் ஐஸ் அடுக்கின் மேல் சாக்கைப் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டார். கையில் பார் உடைக்கும் கம்பி.

"ஒரு சில்லுகூட போவாது" என்றார்.

முதலாளி ஊரில் இல்லை. மேஸ்திரி கெஞ்சினார். காலண்டர் அசையவில்லை. தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து குதித்தார். "யோவ், இன்னா வோணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வாணாம். முனிம்மா கிட்ட உன் வாயால சொல்லு, தப்பு என்னுதுன்னு."

"நானா? பொம்பள கிட்டயா?"

"வெயிலு ஏறுது. உன் இஷ்டம்."

வெயில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அலுவலகத்துக்குப் போகிற வழியில் நானும் நின்றுவிட்டேன். பாதித் தெரு நின்றது. தலைவர் இறாலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி இறாலைப் பார்த்தார். கடைசியில் ஆள் அனுப்பினார். முனியம்மா தலையில் கூடையோடு வந்து நின்றாள்.

"தப்புதாம்மா, ஏதோ நடந்துபோச்சு" என்று தலைவர் வேகமாகச் சொன்னார்.

முனியம்மா கூடையைக் கீழே இறக்கினாள். "எறாவப் பாத்து சொல்லாத. என்னப் பாத்து சொல்லு."

தலைவர் அவளைப் பார்த்து, இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார். முனியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். காலண்டர் கீழே இறங்கி, ஐஸ் உடைத்துக் கூடை கூடையாக நிரப்பினார். அன்று சாயங்காலம் முதலாளி வந்ததும் அவருக்கு வேலை போயிற்று.

வேலை போனதற்கு மட்டும் அவர் கோபப்படவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நேராகக் கோட்டைக்குப்பம் போனார். பகலில் படகுகளுக்குத் தார் பூசுகிற வேலை பார்த்தார். மாலையில் செல்வத்தின் தோள்.

பட்டாளத்தில் தனக்கு நடந்ததை அந்த நாட்களில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். மேலதிகாரி ஒருவர் போட்டிக்கு முதல் நாள்வரை தினமும் தூக்க வைத்தாராம். "போட்டி அன்னிக்கு நான் கட்டில்ல கெடந்தேன், கிளார்க்கு. பதக்கம் வாங்கினவன் என்னவிட எளச்சவன். அவன் முந்தின வாரம் பூரா தூங்கினான்." சொல்லிவிட்டு, கேட்டதற்காக என்னையே திட்டினார்.

செல்வத்தின் வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் அடுத்த வருஷத்து மாசி வரைக்கும் கோடு விழுந்தது. முனியம்மா பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்திருந்தாள். "இன்னாண்ணா இது, செவுத்த நாஸ்தி பண்ணிட்ட?" என்று கத்தினாள். "செவுரு வோணுமா, புருஷன் வோணுமா?" என்றார் இவர். முதல் இரண்டு மாதம் கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது மட்டும். அப்புறம் சுவரில் விரலை நண்டு மாதிரி ஏற்றுவது. அப்புறம் கால் டின் தண்ணீர், அரை டின் தண்ணீர். கோடையில் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரைக் கையால் தள்ளச் சொன்னார். ஐப்பசியில் சின்னப் படகில் கழி ஊன்ற விட்டார். ஒரு முறை செல்வம் ஆசைப்பட்டு முழு டின்னைத் தூக்கிவிட்டான். காலண்டர் டின்னைப் பிடுங்கி ஏரியில் எறிந்தார். பிறகு அவரே கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அதைத் தேடி எடுத்தார், திட்டிக்கொண்டே.

மறுபடி தை வந்தது. கமிட்டிக்கு வேறு ஆட்கள் வந்திருந்தார்கள். பாடிப்போக காதர் இருந்தான், பிடிக்கத்தான் ஆள் இல்லை. செல்வத்தை ஆட விடச் சொல்லி ஊரே காலண்டர் முன்னால் வந்து நின்றது. செல்வமே கேட்டான்: "ண்ணா, வலியே இல்லண்ணா. ஒரு மேட்சுண்ணா."

"செவுத்துல இன்னா போட்டுக்கீது?"

"மாசி."

"இது இன்னா மாசம்?"

"தையி."

"அப்போ கம்முனு உக்காரு."

அன்று கோட்டைக்குப்பம் இரண்டு புள்ளியில் தோற்றது. திரும்பி வரும் லாரியில் காலண்டரை ஏற்றிக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை. செல்வமும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நடந்தே வந்தார் மனுஷன். கூட நடந்தது நான் ஒருவன்தான். வழி நெடுக, நான் காலைத் தேய்த்து நடப்பதாகத் திட்டினார்.

மாசி பிறந்தது. கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர். காலண்டர் போய் செல்வத்தைக் கூட்டிவந்து கயிற்றின் முன்னால் நிறுத்தி, "இப்போ இழு" என்றார். செல்வம் பிடித்தான். முனியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு மற்றவர்களோடு சரியாக, பிறகு மற்றவர்களைவிட வேகமாக இழுத்தான். வலை கரையேறுகிற வரை அவன் கயிற்றை விடவில்லை.

கயிற்றைப் போட்டதும் திரும்பி வந்து, காலண்டரை இரண்டு கையாலும் வாரி எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டான்.

"டேய்! இது செவுத்துல இல்லடா! எறக்குடா! தோளு, தோளு!" என்று மேலேயிருந்து காலை உதைத்துக் கத்தினார் காலண்டர். கரை முழுக்கச் சிரித்தது. முனியம்மா மட்டும் அழுதாள்.

அந்த வருஷக் கடைசியில் எனக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்த காலண்டர், நான் டிரங்குப் பெட்டியைத் தூக்கிய விதத்தைப் பார்த்துவிட்டார். "முட்டிய மடக்கித் தூக்குடா! முதுவு உன் மாமனாரு வூட்டுதா?" பஸ் கிளம்பி, திருப்பத்தில் மறைகிற வரைக்கும் கையை ஆட்டித் திட்டிக்கொண்டே நின்றார். அதற்கப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ நல்ல மனிதர்கள். என் முதுகுக்கு வலிக்குமே என்று அத்தனை கோபப்பட ஒருத்தரும் வாய்க்கவில்லை.