மாப்பிள்ளை அழைக்கக் கார் ஓட்டிய கரடி

ஒரு காட்டில், ஆளுக்கு நான்கு கால் இருந்தும், கார் ஓட்டத் தெரியாதவனை யாரும் மதிக்காத காலம் ஒன்று வந்தது. அந்தக் காட்டில் அய்யம்பெருமாள் என்றொரு கரடி இருந்தது. ஐம்பதைத் தாண்டிய கரடி. எதையும் இரண்டு தடவை யோசிக்கும். பிறகு, யோசித்ததே தப்போ என்று யோசிக்கும்.

அதற்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமோ, துக்க வீடோ, எங்கே போவதானாலும் மைத்துனன் சடையாண்டியின் காரில்தான் போகும். சடையாண்டிக் கரடி நன்றாக ஓட்டும். அதைவிட நன்றாகப் பேசும்.

“பார்த்து ஏறுங்க அத்தான். கதவை மெதுவாச் சாத்துங்க. அதையாவது பழகிக்கலாமே!”

அய்யம்பெருமாளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. “மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் நான்தான் ஓட்டுவேன். அத்தான் வழக்கம்போலப் பின்னால உட்காரட்டும்” என்று சடையாண்டி காடெல்லாம் சொல்லி வைத்தது. அன்று அய்யம்பெருமாளுக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. பெற்ற மகளின் மாப்பிள்ளையைக்கூட இன்னொருவன் தயவில்தான் கூட்டி வர வேண்டுமா? விடிந்ததும் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தது.

மாஸ்டர் ஒரு குரங்கு. ஸ்கூல் காரில் மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு.

“நீங்க ஸ்டீயரிங்கைப் பிடிங்க சார். ஆக்சிலேட்டரை லேசா மிதிங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

கார் போக வேண்டிய இடத்தில் போனது, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. இத்தனை திறமை இத்தனை வருஷம் எங்கே கிடந்தது என்று கரடி வியந்தது. ஆனால் யோசிக்கிற கரடியல்லவா, ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டது.

“மாஸ்டர், வண்டியை நிறுத்தறது நானா, நீங்களா?”

“இப்படிக் கேள்வி கேட்டவங்க யாரும் லைசென்ஸ் வாங்கினதே இல்ல சார். ரோட்டைப் பாருங்க.”

டெஸ்ட் நாள் வந்தது. இன்ஸ்பெக்டர் ஓர் ஆந்தை. உச்சி வெயிலில், கண்ணை மூடிக்கொண்டு மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. கார் மைதானத்தைச் சுற்றி வந்து மரத்தடியில் அழகாக நின்றது.

“பாஸ்” என்றது ஆந்தை.

கரடிக்கு மனசு உறுத்தியது. இறங்கிப் போய்க் கைகட்டி நின்றது.

“ஐயா, பிரேக் போட்டது நான் இல்லை. மாஸ்டர்.”

ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. “பாஸ் போட்டாச்சு. இப்போ ஓட்டத் தெரியாதுன்னு நீ சொன்னா, நான் தூங்கினேன்னு ஆகும். நான் தூங்கினேனா?”

“இல்லைங்க ஐயா.”

“அப்போ உனக்கு ஓட்டத் தெரியும். போ.”

மாப்பிள்ளை அழைப்பு வந்தது. கரடி அந்த ஸ்கூல் காரையே வாங்கி வந்து, பூ அலங்காரம் செய்து, குரங்குக்குப் பட்டு வேட்டி கட்டி இடது பக்கத்தில் உட்கார வைத்தது. கேட்டவர்களிடம் “குடும்ப நண்பர்” என்றது. பின் இருக்கையில் மாப்பிள்ளை. அடுத்த காரில் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள். அதைச் சடையாண்டி கடுகடுவென்ற முகத்தோடு ஓட்டி வந்தது. முன்னால் தவளைகள் மேளம் கொட்டின.

மண்டபம் ஒரு சரிவின் அடியில் இருந்தது. வாசலின் இரு பக்கமும், கல்யாண வழக்கப்படி, குலை தள்ளிய வாழைமரங்கள் கட்டியிருந்தார்கள். பழங்கள் மஞ்சள் மஞ்சளாகத் தொங்கின. இதைக் கரடி யோசிக்கவில்லை.

கார் சரிவில் இறங்கியதும் குரங்கு பழத்தைப் பார்த்தது. ஜன்னல் வழியாகத் தாவிவிட்டது.

“மாஸ்டர்! பிரேக்கு!”

“உங்க காலுக்குக் கீழயும் ஒண்ணு இருக்கு சார்!” என்றது குரங்கு, வாய் நிறையப் பழத்தோடு.

கரடி தனக்குத் தெரிந்த ஒரே பெடலை ஓங்கி மிதித்தது.

தவளைகள் இரு பக்கமும் தெறித்தன. கார் வாசலைத் தாண்டி, பன்னீர்ச் செம்பைத் தட்டிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே பாய்ந்து, மணமேடையில் முட்டி நின்றது. கதவு திறந்துகொண்டது. மாப்பிள்ளை உருண்டுபோய் மணமேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கழுத்து மாலைகூடக் கலையவில்லை.

கரடி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தது. மகள் கல்யாணம் இத்தோடு நின்றது. எல்லாம் என் வறட்டு ரோஷத்தால் வந்த வினை என்று நொந்துகொண்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. முழங்கால்வரை சேறு. காலையில் பெய்த மழையில் வாசலெல்லாம் குட்டை. சடையாண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் பிரேக் போட்டு, கச்சிதமாக அங்கே நிறுத்தியிருந்தது.

அது மேடையில் இருந்த மகனைப் பார்த்தது. தன் காலைப் பார்த்தது.

“சம்பந்தின்னா இவரு சம்பந்தி! எம் புள்ளை கால் தரையில படாம மேடையிலயே கொண்டாந்து இறக்கியிருக்காரு. எங்களைச் சேத்துல இறக்கி விட்டுட்டாரே அந்தத் தாய்மாமன்!”

“நான் வாசல்ல முறையா பிரேக் போட்டேம்மா...” என்று இழுத்தது சடையாண்டி.

“உங்களை யாரு போடச் சொன்னா?”

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அய்யம்பெருமாள் யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் அதன் கழுத்தில் மாலை விழுந்தது.

நீதி: பிரேக் போடத் தெரிந்தவர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.