காதுகுத்து வீட்டில் ஸ்பானிஷ் கிடார்

தனக்குப் பிடித்த இசையைத் தான் மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. கேட்க வைப்போர் இனம். அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபேனை நிறுத்துவார்கள், மிக்ஸியை நிறுத்துவார்கள், காபி கொண்டுவந்த மனைவியை நிலைப்படியிலேயே நிறுத்துவார்கள், ஆள்காட்டி விரலைக் காற்றில் தூக்கி, "இப்ப வரும் பாருங்க" என்பார்கள். வராது. "இது இல்ல, அடுத்தது." பாட்டை அவர்கள் கேட்பதே இல்லை, நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொட்டாவி விட்டீர்களா? தொலைந்தீர்கள். முதலிலிருந்து போடுவார்கள்.

எங்கள் தெரு மணிமாறன் இந்த இனத்தின் பெருந்தலை. சில மாதங்களாக அவருக்கு ஒரு கிடார் ஆல்பம் பிடித்திருக்கிறது, காய்ச்சல் பிடிக்கிற மாதிரி. ஜாஸ், ஸ்பானிஷ் கிடார், லத்தீன் அமெரிக்கத் தாளம் எல்லாம் ஒரே அண்டாவில். பாடுகிற குரல் மட்டும் கிடையாது.

"பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?" என்றான் தெருப் பையன் ஒருவன்.

"ஏலே, முடியப் போகுதுடா!"

போன மாதம் அவர் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வேலுமணி ஆத்தூரிலிருந்து சீர்த்தட்டுகளோடு, உறுமியும் தவிலும் முழங்க வந்து தெருமுனையில் நின்றார். வீட்டுக்காரர் மாலையோடு எதிரே போய் அழைத்தால்தான் மாமன் அடியெடுத்து வைப்பார். மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். இது தெரியாதவர் நம் பக்கம் உண்டா? மணிமாறனுக்கும் தெரியும். ஆனால் அவர் மாலையைப் பிடித்தபடி ரேடியோ செட் பக்கத்தில் கண்ணை மூடி நின்றிருந்தார். குழாய் ஸ்பீக்கரில் கிடார் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மாமன் வந்தாச்சு. தாய்மாமன் பாட்டு போட்டுரவா?" என்றார் செட்டுக்கார அயாஸ்.

"செத்த இரு அயாஸ். இப்ப வரும் பாரு."

மனைவி தமிழ்மதி ஓடிவந்தார். "ஏங்க, எங்கண்ணன் வெயில்ல நிக்குறாரு. கோவிச்சுத் திரும்பிட்டாருன்னா பிள்ளைய யார் மடியில உக்கார வைக்கிறது? இந்தப் பொட்டி மேலயா?"

"நடுவுல நிறுத்துனா அந்தக் கிடார்காரருக்கு மரியாதை இல்ல தமிழு."

"அவரு சீர் கொண்டாந்தாரா?"

தெருமுனையில் வேலுமணி துண்டை உதறித் தோளில் போட்டார். நல்ல அறிகுறி அல்ல. "வண்டியத் திருப்பு அப்பு" என்று வேன்காரரிடம் அவர் சொல்லவும், மணிமாறன் இத்தனை மாதமாக ஊருக்குக் காட்டத் தவித்த அந்த இடம் வரவும் சரியாக இருந்தது. கிடார், கயிற்றை அறுத்துக்கொண்ட காளையாகப் பாய்ந்தது; பின்னாலேயே கைதட்டுத் தாளம். உறுமிக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். சும்மா ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். பொருந்திவிட்டது! தவில்காரர் விடுவாரா? அத்தைமார் குலவையிட, சீர்த்தட்டில் கொய்யாப்பழங்கள் குதிக்க, கோபமாக நின்ற வேலுமணிக்கு முதலில் இடது தோள் துரோகம் செய்தது. அப்புறம் வலது. அழைக்காமலேயே ஆடிக்கொண்டு பந்தலுக்குள் வந்துவிட்டார் மனிதர். தமிழ்மதி கணவர் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி அண்ணன் கழுத்தில் போட்டார். பிள்ளை மாமன் மடியில் ஏறினாள், காது குத்தியாயிற்று. அவள் அழுததுகூடத் தாளத்தில்தான் இருந்தது என்று அயாஸ் சத்தியம் செய்கிறார்.

தெருவே ஆடியது, ஒருவரைத் தவிர. மணிமாறன் மைக்கைப் பிடித்துக் கதறினார்: "ஆடாம நில்லுங்கய்யா! இது கேக்குற பாட்டு! உறுமிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அயாஸ், முதல்ல இருந்து போடு!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு பாட்டை அனுப்பிவிட்டு, யாரும் பதில் போடவில்லை என்று கொழுந்தியாளுக்குப் போன் போட்டு, "கடைசி வரைக்கும் கேட்டியா? அந்த எடம் வந்துச்சா?" என்று விசாரித்தீர்களே, அப்போது உங்கள் ஆள்காட்டி விரல் எங்கே இருந்தது?