சாவி எதிர்வீட்டில்

கொக்கியில் சாவி இல்லை.

ஹன்னா டூமி கொக்கியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஒரு சாண் நீளம், அரைக் கிலோ இரும்பு. கண்ணில் படாமல் போகிற சாமான் இல்லை. ரொட்டி டப்பாவுக்குள் பார்த்தாள். மேலங்கிப் பையில் பார்த்தாள். நாற்காலியில் தூங்கிய பூனையைத் தூக்கி அதற்குக் கீழேயும் பார்த்தாள். மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு டப்ளினிலிருந்து அதிகாரி வருகிறார்.

கில்ப்ரோகன் கோபுரம் அவள் வீட்டுக்கு எதிரே, மொஸ்ஸி ஹர்லியின் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில் நிற்கிறது. ஐந்நூறு வருஷத்துக் கல். வேலிக்கதவில் ஒரு தகரப் பலகை: 'சாவி எதிர்வீட்டில்'. பார்க்க வருகிறவர்கள் ஹன்னாவின் கதவைத் தட்டிச் சாவியை வாங்கிப் போவார்கள். அதற்கு அடமானமாக அவள் அவர்களுடைய குடையை வாங்கி வைத்துக்கொள்வாள். எங்கள் கார்க் மாவட்டத்தில் குடையை மறந்துவிட்டு எவரும் பத்தடி போக முடியாது. அதனால் சாவி தவறாமல் வந்து சேரும். வந்தவர்களை அவள் லேசில் விடுவதில்லை. தேநீர், ஆப்பிள் டார்ட், பிறகு நகரத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு பிரசங்கம். அவள் அந்த இடங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

இன்று காலை பார்த்து வெயில் அடித்துத் தொலைத்தது. தேநீரையும் பிரசங்கத்தையும் முதலிலேயே முடித்துக்கொண்டு கோபுரத்துக்குப் போன ஹாலந்து ஜோடி, பார்த்த கையோடு காரில் ஏறிப் போய்விட்டது. குடை ஹன்னா வீட்டில் இருந்தது. சாவி அவர்களோடு போய்விட்டது.

அதிகாரி வருவது சாவி விஷயமாகத்தான். பழைய கட்டடங்களின் சாவியைத் தனியார் வீட்டில் விட்டுவைப்பது சரிதானா என்று நேரில் பார்க்கப் போகிறார்களாம். சரியில்லை என்று பட்டால் சாவி நகரத்து அலுவலகத்துக்குப் போய்விடும். கணவன் டிம் போய்ப் பன்னிரண்டு வருஷம். மகள் கனடாவில். வாரத்துக்கு முப்பது பேரையாவது ஹன்னாவின் வாசலுக்குக் கொண்டுவருவது அந்தச் சாவி ஒன்றுதான். அது போனால் மிச்சம் தபால்காரர். அவரோ வாய் திறந்து பேசாத மனிதர்.

ஹன்னா அந்தக் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மொஸ்ஸி வழக்கம்போல வேலிக்கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய பசு பிரைடி பாதையை அடைத்துக்கொண்டு அசைபோட்டது.

"வெயில்ல குடையா? தலைக்கு ஒண்ணுமில்லையே?"

"சாவி போச்சு மொஸ்ஸி! அந்த ஹாலந்துக்காரங்க கொண்டுபோயிட்டாங்க!"

மொஸ்ஸி தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார். "ஹன்னா, நான் ஒண்ணு சொல்றேன், பொறுமையாக் கேளு..."

"வேனை எடு."

"இல்ல, முதல்ல கேளு. அந்தக் கதவு..."

"கதவுக்கு என்ன? சாவி இல்லாம அது என்ன தானாவா திறக்கும்? வேனை எடு மொஸ்ஸி, கெஞ்சிக் கேக்கறேன்!"

மொஸ்ஸி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பசுவைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வேனை எடுக்கப் போனார்.

நேற்றுத்தான் அந்த வேனில் இரண்டு கன்றுகள் சந்தைக்குப் போயிருந்தன. நகரம் வந்து சேரும்வரை ஹன்னா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள். ஜோடி போகும் வழி அவளுக்கு அத்துப்படி. சொல்லி அனுப்பியவளே அவள்தானே! முதலில் பழைய சந்தை, அடுத்து பழைய சிறை, கடைசியில் ஷாண்டன் மணிக்கூண்டு.

சந்தையில் மதியக் கூட்டம். மீன்கடைக்கு முன்னால் ஆறரை அடி உயரத்தில் ஒரு முதுகு தெரிந்தது. நீலக் கோட்டு, பையில் ஏதோ கனமாக. அதேதான்! ஹன்னா பாய்ந்துபோய்ப் பைக்குள் கையை விட்டாள்.

முதுகு திரும்பியது. கழுத்தில் வெள்ளைப் பட்டை.

"மகளே," என்றார் பாதிரியார் சாந்தமாக, "அதுல ஜெபமாலைதான் இருக்கு. உனக்கு அவ்வளவு அவசரமா வேணும்னா எடுத்துக்கோ."

"மாதாவே! பாதர், மன்னிச்சுக்குங்க! நான் தேடறது இவரை மாதிரி... உங்களை மாதிரி நெட்டையா ஒரு ஜோடி!"

மீன்கடைக்காரி கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அவங்களா? கால் மணி முன்னாடி ஜெயிலுக்குப் போற வழி கேட்டாங்க. பாதர் பாக்கெட்ல கைவிட்ட பிறகு நீயும் அங்கதான் போகணும், போ."

பழைய சிறையில் டிக்கெட் கொடுத்த பெண், வழிகாட்டியோடு சேர்ந்துதான் உள்ளே போகலாம் என்றாள். ஹன்னா டிக்கெட் வாங்கினாள். மொஸ்ஸி வேனிலேயே இருந்துகொண்டார். வழிகாட்டி அந்தக் காலத்து வார்டன் உடுப்பில் மீசை வைத்த இளைஞன். கூட்டத்தில் ஹாலந்து ஜோடி இல்லை. ஹன்னா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, நெட்டையா ரெண்டு பேர்..."

"ஆஹா! இதோ ஒரு கைதி தானாவே முன்வந்துட்டாங்க!" என்று அவன் குதூகலமாகக் கூவினான். "குற்றம்?"

"என்ன குற்றம்? நான் சாவியைத் தேடிக்கிட்டு..."

"சாவியைத் திருடின குற்றம்! ரெண்டு மாசக் கடுங்காவல்!"

கூட்டம் கைதட்டியது. ஹன்னா என்ன ஏது என்று சொல்வதற்குள் அவள் ஒரு கைதி அறைக்குள் இருந்தாள், கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. அவன் 'நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே' என்று, விட்ட இடத்திலிருந்து தன் பேச்சைத் தொடர்ந்தான். ஹன்னாவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"மிஸஸ் டூமியா? நான் ஆர்லா கின்செல்லா, டப்ளின் அலுவலகத்துலேர்ந்து. முந்தின பஸ்ஸே கிடைச்சிருச்சு. ரெண்டரைக்கே வந்துருவேன். நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

கூடியமட்டும் பொய் சொல்லாதவள் ஹன்னா. சுற்றிலும் ஈரச் சுவர், மேலே கம்பி ஜன்னல்.

"ஜெயில்ல இருக்கேன்மா," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது.

"நீங்களா எதுவும் நினைச்சுக்காதீங்க! சாவியைத் திருடினேன்னு... ஐயோ, அது அந்த மீசைக்காரப் பையன் சும்மா சொன்னது! இவங்க விட்ட உடனே வந்துர்றேன்!"

அத்தோடு லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் மணி போகவில்லை. கல்சுவர் அவ்வளவு கனம்.

வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து மொஸ்ஸி எஞ்சினை அணைத்தார். "ஹன்னா, இதுக்கு மேல தாங்காது. நான் சொல்றதைக் கேட்டா நேரா வீட்டுக்குப் போயிரலாம்."

"ஷாண்டனுக்கு ஓட்டு! டப்ளின்காரி நான் திருடின்னு நினைச்சுக்கிட்டிருக்கா. இனிமே சாவியும் இல்லேன்னா அவ்வளவுதான், நான் முடிஞ்சேன்!" மொஸ்ஸி மறுபடி எஞ்சினைக் கிளப்பினார்.

ஷாண்டன் மணிக்கூண்டின் நாலு முகக் கடிகாரத்தில் ஹன்னா பார்த்த முகம் இரண்டு பத்து காட்டியது, மொஸ்ஸி பார்த்த முகம் இரண்டு பதினைந்து. எதை நம்புவது என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. மேலே மணிச்சத்தம் டாங் டாங்கென்று விழுந்தது. காதுக்கவசம் கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டாள். படிகள் நூற்றுக்கு மேல். சிறையில் இரண்டு மாதம் இருந்த களைப்போடு ஏறினாள்.

பாதி வழியில், கயிறுகளுக்கு முன்னால், எண் போட்ட அட்டையைப் பார்த்துப் பார்த்து ஆறரை அடி ஹாலந்துக்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாவி!" என்று ஹன்னா கத்தினாள்.

மூன்று பேர் காதிலும் கவசம். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த கயிற்றை இழுத்தார். ஹன்னா குடை முனையால் அவர் விலாவில் ஒரு குத்து விட்டாள். அவர் துள்ளிய துள்ளலில் இரண்டு கயிறுகள் சேர்ந்து இழுபட்டன. அன்று மதியம் நகரத்தின் வடபக்கம் முழுக்கக் கேட்ட அந்த அபசுரம் ஹன்னா டூமியின் கைங்கரியம்.

அவர் குடையைப் பார்த்தார். தன் கோட்டுப் பையைத் தொட்டார். முகம் சிவந்துபோய்ச் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஹன்னா சாவிக்கு ஒரு முத்தம், எட்டாத அவர் கன்னத்துக்குப் பதிலாக அவர் மனைவிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

வேன் நகரத்தைத் தாண்டும்போது மணி இரண்டரை, மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, வானம் வாளி வாளியாகக் கவிழ்த்தது. ஹன்னா சாவியை மடியில் கிடத்தி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

கில்ப்ரோகன் வந்து சேர்ந்தபோது மூன்று பத்து. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கோபுரத்து வாசலில் முப்பது வயதுக்குள் ஒரு பெண், கையில் கோப்போடு நின்றாள். ஹன்னா சேற்றில் ஓடினாள்.

"மிஸ் கின்செல்லா! ஜெயில்னு சொன்னேனே, அது சுத்திப் பாக்கற ஜெயில்! டிக்கெட் இருக்கு, பாருங்க!"

"நிம்மதியாச்சு," என்றாள் ஆர்லா. "சாவி?"

"எப்பவும் என்கிட்டதான்!" ஹன்னா அதை வாள் மாதிரி உருவிக் காட்டினாள். துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள். கடக்கென்றது. டிம் சொல்லிக்கொடுத்தபடி தோளால் ஒரு இடி இடித்தாள். மழைக்கு ஊதிப்போன கதவு முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே பிரைடி நின்றது.

பிரைடி அசைபோட்டபடி மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்புறத்தைத் திருப்பி, கோபுரத்துக்குத் தன் பங்கைப் போட்டது.

"அந்த ஹாலந்துக்காரங்க!" என்று ஹன்னா வெடித்தாள். "மாட்டை உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க! வாரம் ஒரு தடவை உள்ள சாணி கிடக்குது மிஸ், வர்றவங்க கதவைச் சாத்தாம போறாங்கன்னு நானும் சொல்லாத நாளில்லை!"

ஆர்லா குனிந்து பூட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மொஸ்ஸியைப் பார்த்தாள். மொஸ்ஸி வானத்தைப் பார்த்தார். அவள் கோப்பைத் திறந்து ஏதோ எழுதினாள்.

"சாவி இந்த வீட்டுலயே இருக்கட்டும் மிஸஸ் டூமி," என்றாள் ஆர்லா. "இதைவிட நல்ல இடம் இருக்கறதா எனக்குத் தெரியல. அந்த ஆப்பிள் டார்ட்டைப் பத்தி எங்க ஆபீஸ் வரைக்கும் பேச்சு. ஒரு துண்டு கிடைக்குமா?"

ஹன்னா அங்கேயே, சேற்றில் நின்றுகொண்டு, ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஆர்லாவுக்கு மூன்று துண்டு வைத்தாள். நாலரை பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட்டு வந்து சாவியைக் கொக்கியில் மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள். மொஸ்ஸி தட்டில் மிச்சமிருந்த துண்டைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பிச்சோம் மொஸ்ஸி!" என்று நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். "ஆனா பாவம் பிரைடி. காலையிலேர்ந்து பூட்டின கோபுரத்துக்குள்ள ஒரு வாய் தண்ணி இல்லாம..."

"காலையிலேர்ந்தா? நாம கிளம்பறப்ப வேலிக்கதவுல வழியை அடைச்சுக்கிட்டு நின்னது யாராம்?"

ஹன்னா யோசித்தாள். "அப்ப... சாவி நம்மகிட்ட இருந்துதே. அது எப்படி உள்ள போச்சு?"

"ரெண்டரையிலேர்ந்து கொட்டற மழை. அந்தப் பொண்ணுகிட்ட குடை கிடையாது, கார் கிடையாது. தலையில ஒரு சொட்டு ஈரம் பாத்தியா?"

ஹன்னாவின் வாய் மெல்லத் திறந்தது.

மொஸ்ஸி மீசையில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார். "டிம் போன குளிர்காலத்துலயே அந்தப் பூட்டும் செத்துப்போச்சு ஹன்னா, ஒரு தள்ளு தள்ளினா திறந்துக்கும். எனக்குத் தெரியும், பிரைடிக்குத் தெரியும், இன்னிக்கு டப்ளினுக்கும் தெரிஞ்சுபோச்சு. சொன்னா அப்புறம் உன் வீட்டுக் கதவை யார் தட்டுவாங்கன்னுதான் ஒருத்தரும் வாயைத் திறக்கல."